காலி கார்ட்ரிட்ஜ் எந்தக் கலர் தொட்டில போகும்?

மக்களே, இன்னைக்கு டோனர் பத்தி ஒரு நீள திரெட். டாக்டருக்கும் பிரிண்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறவங்க ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரி வார்டுல வந்து நில்லுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், ரெஃபரல்னு ஊசி போடுறதை விட பேப்பர் போடுறதுதான் அதிகம்.

அரசு ஆபீஸ்கள்ல அதிகம் புழங்குறது 12ஏ கார்ட்ரிட்ஜ். ஒரு தடவை நிரப்பினா சுமார் 2000 பக்கம் வரும். உள்ள இருக்குற கறுப்புப் பொடியை நிறைய பேர் காய்ஞ்ச மைன்னு நினைக்கிறாங்க. மை இல்லீங்க. பெரும்பகுதி ஸ்டைரீன் அக்ரிலேட்ங்கிற பிளாஸ்டிக்கும் இரும்பு ஆக்சைடும்தான். சூட்டுல அந்த பிளாஸ்டிக் உருகி பேப்பர்ல ஒட்டிக்குது, அதுதான் நீங்க படிக்கிற எழுத்து.

இந்தப் பொடி பொதுவா 5லருந்து 10 மைக்ரான் அளவு. உங்க தலைமுடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்கு. பெரிய துகள் மூக்கு, தொண்டையிலேயே நின்னுடும். சின்னது உள்ள இறங்கும்.

போன வருஷம் ஓபிக்கு ஒரு தம்பி வந்தார், 26 வயசு. ரெண்டு மாசமா வறட்டு இருமல். ரெண்டு வாரம் தாண்டின இருமல்னாலே நாங்க முதல்ல காசநோய்தான் பாப்போம். சளி டெஸ்ட் நெகட்டிவ், எக்ஸ்ரே சுத்தம். "என்ன வேலை தம்பி?" "ரீஃபில்லிங் சார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு போடுவேன்." "ஞாயித்துக்கிழமை இருமல் எப்படி இருக்கு?" கொஞ்சம் யோசிச்சார். "லீவு நாள்ல பரவால்ல சார்." லீவு நாள்ல குறையுற இருமல்னா எங்களுக்கு வேலை இடத்து மேல சந்தேகம் வரணும். டோனர்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், அவர் கடை ஜன்னலே இல்லாத சந்து. மாஸ்க் போட்டு, வேலையை வெளிக் காத்துக்கு மாத்தினதும் இருமல் பாதியாச்சு.

பயமுறுத்த எழுதலை. போட்டோகாப்பி டோனர் தூசியால நுரையீரல் பாதிச்ச ஒரு கேஸ் 1994லயே லான்செட்ல வந்திருக்கு. ஆனா அது தனி கேஸ். ஜப்பான்ல டோனர் தொழிற்சாலை ஆட்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகள்ல பெரிய பாதிப்பு எதுவும் தெரியல. சரிதான், ஆனா அந்தத் தொழிற்சாலைல தூசியை உறிஞ்ச மெஷின் இருக்கும். நம்ம தம்பி பழைய பொடியை வாசல் படிக்கட்டுல தட்டித்தான் கொட்டுறார்.

இப்ப குப்பைக்கு வருவோம். ஆஸ்பத்திரில மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு தொட்டி இருக்கு. எதுல எது போகும்னு நர்சிங் மாணவி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். காலி கார்ட்ரிட்ஜ்? அதுக்கு அந்த நாலுமே இல்ல. பிளாஸ்டிக்தானேன்னு சிவப்புல போட்டா, ஆட்டோகிளேவ் பண்ணி அரைக்கிற இடத்துக்குப் போயிடும். மஞ்சள்ல போட்டா எரிப்பாங்க. சாதாரணக் குப்பைல போட்டா, சென்னைன்னா பெருங்குடி இல்ல கொடுங்கையூர். 2022 ஏப்ரல்ல பெருங்குடி கிடங்கு நாள்கணக்குல எரிஞ்சுதே, அந்தப் புகைல இப்படி எத்தனை பிளாஸ்டிக் இருந்துச்சோ.

சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் அமல்ல இருக்குற மின்னணுக் கழிவு விதிகள்ல பிரிண்டரோட கார்ட்ரிட்ஜும் சேர்த்திதான். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கிட்டதான் போகணும். நடைமுறைச் சிக்கல் வேற இடத்துல இருக்கு. பிரிண்டரை வெளிய அனுப்ப கண்டெம்னேஷன் கமிட்டி, கையெழுத்து எல்லாம் உண்டு. கார்ட்ரிட்ஜ் அப்படி இல்ல, வாங்கின அன்னைக்கே செலவுன்னு எழுதிடுவாங்க. ரெஜிஸ்டர்ல இல்லாத பொருள் எங்க போனா யார் கேப்பா? கடைசில அதைக் கையால அள்ளுறது தூய்மைப் பணியாளர் அக்காதான்.

அதனால ரீஃபில் தப்புன்னு சொல்லாதீங்க. புதுசு வாங்குறதை விட நல்லது, ஒரே டிரம்ல ரெண்டு மூணு தடவை ஓட்டலாம். எப்படிப் பண்றாங்கன்றதுதான் விஷயம். (உள்ள பொடியைச் சமமா வழிக்கிற தகடுக்குப் பேரு டாக்டர் பிளேடு. சத்தியமா!)

ரீஃபில் பண்ண வர்றவர்கிட்ட பழைய பொடியை மண்ணுல தட்டாம, கவர்ல கொட்டி இறுக்கிக் கட்டச் சொல்லுங்க, ஒரு மாஸ்க் குடுங்க. கீழ கொட்டிட்டா ஈரத்துணியால துடைங்க. வீட்டு வேக்யூம் வேண்டாம், அதோட ஃபில்டரைத் தாண்டி பொடி காத்துல வந்துடும். கை, சட்டைல பட்டா பச்சைத்தண்ணிலதான் கழுவணும், வெந்நீர் ஊத்தினா பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கும்.

காலி ஒரிஜினல் கார்ட்ரிட்ஜை விலை குடுத்து வாங்க ஆள் வருவாங்க. அட்டைப் பெட்டியையும் சேர்த்துக் கேட்டா உஷார், போலி டோனர் அடைச்சு விக்கத்தான் அந்தப் பெட்டி. கிழிச்சுட்டுக் குடுங்க.

எங்க வார்டுல இப்போதைக்கு ஸ்டோர் ரூம்ல ஒரு அட்டைப்பெட்டி வெச்சு, மேல "கார்ட்ரிட்ஜ் மட்டும்"னு மார்க்கர்ல எழுதியிருக்கோம். 14 சேர்ந்திருக்கு. எடுத்துட்டுப் போக மறுசுழற்சிக்காரர் குறைஞ்சது ஒரு வண்டி லோடு கேக்குறார், அதனால பக்கத்து தாலுகா ஆஸ்பத்திரிகள்லயும் பேசிட்டிருக்கேன். உங்க ஆபீஸ்ல இது எப்படி நடக்குதுன்னு கீழ சொல்லுங்க.