எந்த நிலத்தைக் காப்பது?

புவியியற் செய்முறை வகுப்பொன்றிற் கரையோர வரைபடமொன்றுக்கு நிறந்தீட்டிக்கொண்டிருந்தேன். பற்றையும் சேறுமாய்க் கிடந்த துண்டொன்றுக்குச் சாம்பல் நிறம் பூசி, ‘பயனற்ற நிலம்’ என எழுதினேன். அருகில் வந்த விரிவுரையாளர், “யாருக்குப் பயனற்றது?” என்று மட்டும் கேட்டுவிட்டு அப்பாற் சென்றார். அக்கேள்வி என்னை நூலகத்துக்கும், அங்கிருந்து இங்கிலாந்தின் ‘நஷனல் டிரஸ்ட்’ என்னும் நிறுவனத்தின் வரலாற்றுக்கும் இட்டுச் சென்றது.

ஒக்டேவியா ஹில், றொபேட் ஹண்டர், ஹாட்விக் றோன்ஸ்லி ஆகிய மூவர் 1895 ஆம் ஆண்டு தோற்றுவித்த நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் அது. மக்களின் பொருட்டு நிலங்களையும் பழங்கட்டடங்களையும் ஏற்றுக் காப்பதே அதன் பணி. தன் நிலத்தைப் பராதீனப்படுத்த முடியாததெனப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை 1907 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழங்கியது. அவ்வாறு பிரகடனஞ் செய்த நிலத்தைப் பின்னர் விற்றல் இயலாது. எனவே ஒரு சொத்தை ஏற்பது என்றென்றைக்குமான சுமையை ஏற்பதாகும். அழகுண்டா, அரிய உயிரினம் உண்டா, அழிவு நெருங்கியுள்ளதா, மக்கள் சென்றுவர இயலுமா என்பவற்றோடு, பராமரிக்கப் பணம் உண்டா என்பதும் கேட்கப்படுகின்றது. உடன்வரும் நிதி போதாமையால் அழகிய மாளிகைகள் மறுக்கப்பட்டதும் உண்டு.

ஆனால் அளவுகோல் எவருடைய கையில் இருக்கின்றது? 1899 இல் விக்கன் ஃபென் என்னும் சதுப்பில் 2 ஏக்கரை அந்நிறுவனம் 10 பவுணுக்கு வாங்கியது. கமக்காரன் கண்ணுக்கு அது சேறு. பூச்சியியலாளன் கண்ணுக்கோ பொக்கிஷம்.

1965 இல் கரையோரங்களை மீட்கும் ‘நெப்டியூன்’ இயக்கம் தொடங்கிற்று. எவற்றை மீட்பது என அறிய, றெடிங் பல்கலைக்கழகப் புவியியல் மாணவர்கள் கரைநெடுகச் சென்று வரைபடமாக்கினர். காக்கத்தக்கது ஏறத்தாழ 900 மைல் எனக் கொள்ளப்பட்டது. என்னையொத்த மாணவரின் வரைபடங்கள் நிலங்களின் விதியைத் தொட்டன என்று வாசித்தபோது, என் சாம்பல் நிறம் என்னை உறுத்தியது.

அந்த இயக்கம் தன் 500 ஆவது மைலாக 1988 இல் ஏற்றது, டேர்ஹம் மாவட்டத்து ஹோடன் கரையை. நிலக்கரிச் சுரங்கக் கழிவு கொட்டிக் கறுத்துப்போன கரை அது. விலை 1 பவுண். அன்றைய அழகையே அளவுகோலாகக் கொண்டிருந்தால் அது எப்பட்டியலிலும் இடம்பெற்றிராது. சுரங்கங்கள் மூடப்பட்டன, கழிவு அகற்றப்பட்டது, 2001 இல் டேர்ஹம் கரை மரபுரிமைக் கரையோரமாக ஏற்கப்பட்டது.

காக்கும் நிதிக்கு எல்லை உண்டு. ஆதலால் தெரிவு தவிர்க்கவியலாதது. தெரியப்படாத நிலத்தை இழிந்ததென எண்ணுவதே தவறு. மறுநாள் என் வரைபடத்தில் ‘பயனற்ற நிலம்’ என்பதை அழித்து, ‘பற்றையும் சேறும்’ என எழுதினேன். நான் கண்டது அவ்வளவே.