ஸ்திரீபார்ட்

'ட்ராக் க்வீன்' என்பதைத் 'திருநங்கை' என்று மொழிபெயர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. திருநங்கை என்பது ஒருவர் யார் என்று சொல்லும் சொல். மற்றது மேடையில் என்ன செய்கிறார் என்பது பற்றியது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். அதற்காகச் சொற்களைக் குழப்ப வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் 'ட்ராக்' 1870 வாக்கில் இந்தப் பொருளில் அச்சில் தென்படுகிறது. தரையில் இழுபடும் நீள்பாவாடையிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். 1880களில் வாஷிங்டனில், அடிமையாய்ப் பிறந்த வில்லியம் டார்ஸி ஸ்வான் அதன் ராணி எனப் பட்டம் சூடிக்கொண்டார்.

நம்மிடமிருந்த சொல் ஸ்திரீபார்ட். பாதி சம்ஸ்கிருதம், பாதி ஆங்கிலம், சேர்ந்தால் சுத்தத் தமிழ். நாடகக் கம்பெனிகளின் கொடை. ஔவையாராக நடித்த டி.கே.சண்முகத்தின் பெயருக்கு முன்னால் அந்த வேஷமே ஏறி உட்கார்ந்துகொண்டது. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகி எதிர்த்திசையில் போனார். இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரம்: காமன் பேடியாகி ஆடியதை மாதவி ஆடுகிறாள். ஆண் போட்ட வேஷத்தைப் பெண் போடுகிறாள். உரையாசிரியர்கள் கூச்சப்படவில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியானபோதும் யாரும் கூச்சப்படவில்லை. நாயகி பாவம் என்று பெயர் வைத்துக் கும்பிட்டோம். குரல் மட்டும் பெண்ணானால் பக்தி. உடம்பும் சேலை கட்டினால் சிரிப்பு. இந்தப் பாகுபாடு எனக்கு விளங்குவதில்லை.

கம்பெனிகள் போய்விட்டன. கணியான் கூத்து போகவில்லை. தென்காசி வட்டாரத்துச் சுடலைமாடன் கொடைகளில் இன்றும் அண்ணாவி பாட, மகுடம் அதிர, ஆண்கள் சேலையும் சலங்கையுமாக ஆடுகிறார்கள். அப்படி ஆடுகிற ஒருவர், ஒரு சாரல் நாளில், குற்றாலத்துப் பக்கமிருந்து நனைந்தபடி எங்கள் வங்கிக்குக் கடன் மனுவோடு வந்தார். தொழில் என்ற கட்டத்தில் விவசாயக் கூலி என்று போடச் சொன்னார்.

"கூத்துன்னே எழுதலாமே அண்ணாச்சி."

"பொம்பள வேசம் கட்டுதவன்னு எழுதுனா ரூவா தருவியளா சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

'கட்டுதவன்' என்றதைக் கவனித்தேன். ஏமாற்றுகிறவனை வேஷம் போடுகிறான் என்போம், கூத்தாடி கட்டுகிறான். கட்டியதை அவிழ்க்கலாம். கொடை முடிந்த விடியலில் இவர் அவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குப் போவார். 'ராணி' என்ற பெயர்ச்சொல்லில் இந்த அவிழ்ப்பு இல்லை. மொழிபெயர்க்கிறவர்கள் 'பெண்வேஷம் கட்டுபவர்' என்று நீட்டியே எழுதட்டும்.

மனுவில் அவர் சொன்னபடியே விவசாயக் கூலி என்று எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.