தணிகை வழியில் ஓர் ஆட்டம்

திருத்தணிகைக்கு ஆடிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுத்துச் செல்லும் பக்தர்களைத்தான் சொல்கிறேன். காவடி இல்லாமல், மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே ஆடிக்கொண்டு போகும் பாக்கியம் எனக்கும் என் மைத்துனனுக்கும் கிடைத்தது.

வண்டி ஒரு பழைய புல்லட். அதன் வம்சம் பெரியது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த ராயல் என்பீல்டு வண்டியை நம் மண்ணிலேயே செய்வதற்காக 1955-ம் வருஷத்தில் சென்னையில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் இங்கிலாந்துத் தாய் கண்ணை மூடினாள். திருவொற்றியூர்ப் பிள்ளையோ பிழைத்துக்கொண்டதோடு, 1977-ல் இங்கிலாந்துக்கே வண்டிகளை ஏற்றுமதி செய்யவும் தொடங்கிற்று. இந்த விருத்தாந்தத்தை ஆவடி தாண்டுவதற்குள் என் மைத்துனனுக்கு மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

"அத்தான், பெருமை இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டக், டக்' என்று கேட்கிறதே, அது என்ன?" என்றான் அவன்.

அந்தச் சத்தம் எனக்கு இரண்டு மாதப் பழக்கம். பழகிப்போன சத்தத்தை யார் பொருட்படுத்துகிறார்கள்?

அன்று டிசம்பர் 31-ம் தேதி. திருத்தணியில் படித் திருவிழா. மலைக்குச் செல்லும் படிகள் 365; வருஷத்தின் நாட்களுக்கு ஒவ்வொன்று. ஆங்கில வருஷப் பிறப்பன்று துரைமார்களைக் கண்டு கும்பிடு போட நம்மவர் ஓடிய காலத்தில், "முதலில் தணிகைத் துரையைக் கண்டு கும்பிடுவோம்" என்ற எண்ணத்துடன் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இந்த விழாவைத் தொடங்கி வைத்தார் என்பார்கள். படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஜனங்கள் ஏறுவார்கள். அன்னதானத்துக்கென்று என் மனைவி ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்பியிருந்தாள். அதை ஆசனத்துக்குப் பின்னால், காரியரில் உயரமாகக் கட்டியிருந்தோம்.

திருவள்ளூரைக் கடந்தோம். கனகம்மாசத்திரத்துக்கு அப்பால் சாலை நேராகவும் வழுவழுப்பாகவும் இருந்தது. தூரத்தில் தணிகை மலை தெரிந்த உற்சாகத்தில் வேகம் 80 கிலோமீட்டரை எட்டியது. திடீரென்று ஹாண்டில்பார் கையில் துடித்தது. முதலில் ஜுரத்தில் நடுங்குவது போல. அடுத்த கணம் யாரோ இரு பக்கமும் மாறி மாறி அடிப்பது போல. நான் பலங்கொண்ட மட்டும் இறுகப் பிடித்தேன். ஆட்டம் அதிகமாயிற்று. எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்தவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. அந்த நினைவு எங்கிருந்தோ வந்து என் பிரேக்கை நோக்கிப் போன விரல்களைத் தடுத்ததென்று சொன்னால் அழகாயிருக்கும். உண்மையில் பயத்தில் விரல்கள் அசையவே இல்லை! உடம்பு தானாக முன்னால் குனிந்தது. முழங்கால்கள் பெட்ரோல் டாங்கியை அணைத்துக்கொண்டன. ஆக்ஸிலேட்டர் மெல்லத் தளர்ந்தது. லாரி கடந்து போயிற்று. ஐம்பதுக்குக் கீழே வந்ததும், ஒன்றுமே நடவாதது போல் ஆட்டம் நின்றது.

"அத்தான், இறங்கி நடக்கலாமா?" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது.

திருத்தணியில் ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தோம். பெரியவர் ஒருவர் எங்களிடம் தமிழிலும், பக்கத்திலிருந்த நகரி லாரிக்காரரிடம் தெலுங்கிலும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார். ஊரின் சரித்திரமும் அப்படித்தான். 1953-ல் ஆந்திரம் தனி ராஜ்யமானபோது திருத்தணி அதனோடு போயிற்று. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தது. பெரியவரின் நாக்குக்கு மட்டும் எல்லைக்கோடு ஏற்படவில்லை.

அவர் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார். போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். 'டக், டக்!' என் பழைய நண்பன்!

"கோன் செட் தேய்ந்து லூசாகிவிட்டது, ஐயா. ஸ்போக் கம்பிகளும் தளர்ந்திருக்கின்றன. டயரில் காற்றுக் குறைவு. இத்தனைக்கும் மேலே பின்னால் அரிசி மூட்டை வேறு. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளும் வண்டியின் சின்னச் சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, பார்த்ததில்லையா? அதுதான் இது."

உவமை பொருத்தமானதே. ஸ்டியரிங் அச்சைத் தரைவரை நீட்டிப் பார்த்தால், அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. ஆகையால் சக்கரம் எப்பக்கம் விலகினாலும் தானே நேருக்குத் திரும்பும். திரும்பும் வேகத்தில் மறுபக்கம் கொஞ்சம் போகும், மீண்டும் திரும்பும். உறுப்புகள் செவ்வையாயிருந்தால் இரண்டொரு அசைவில் அடங்கிவிடும். தளர்ந்திருந்தால், ஒரு குறித்த வேகத்தில், ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகும்; விநாடிக்கு ஐந்து முதல் பத்துத் தடவை வரை அடிக்கும். பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரம் தரையை அழுத்துவது குறைகிறது. இறுகப் பிடித்தாலோ, நம் கைகளின் விறைப்பும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. வண்டி முழுவதும் பாம்புபோல் மெதுவாக நெளிவது வேறொரு வியாதி. அதற்குப் பின்பக்கத்து ஸ்விங் ஆர்ம் புஷ்களைப் பார்க்கவேண்டும்.

"சில பழைய வண்டிகளில் ஹாண்டில் நடுவே ஒரு திருகு இருக்குமே? அதை இறுக்கினால் ஆடாதாமே?" என்று என் புத்தக ஞானத்தைக் காட்டினேன்.

"ஜுரக்காரனைக் கட்டிலோடு கட்டிப்போட்டால் நடுக்கம் தெரியாது, ஐயா. ஜுரம் போய்விடுமா?" என்றார்.

வண்டியை அவரிடம் விட்டு, அரிசியை அன்னதானத்தில் சேர்த்துவிட்டு, இரவு படியேறினோம். மேலே செல்ல நல்ல மோட்டார் சாலை உண்டு. அதைப் பற்றி என் மைத்துனன் வாயே திறக்கவில்லை. படிதோறும் கற்பூரம், படிதோறும் பாட்டு. முத்துசுவாமி தீக்ஷிதரின் வாயில் ஒரு முதியவர் கற்கண்டை இட, அவர் முதல் கீர்த்தனம் பாடியது இந்த மலையில்தான் என்பது ஐதீகம். சூரபத்மனை வென்ற முருகனுடைய சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாம். நள்ளிரவில் கீழே பார்த்தபோது, நாங்கள் வந்த சாலை விளக்குப் புள்ளிகளாக நீண்டு கிடந்தது. வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் பெரியவர் புதுக் கோன் செட் போட்டு, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி, வீணைத் தந்தியைப்போல் காதால் கேட்டு முறுக்கி வைத்திருந்தார். "புது உருண்டைகள் படியவேண்டும். ஊர் சேரும்வரை நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். இரண்டு பேர் ஏறவேண்டாம்" என்றார்.

மைத்துனனை ரயிலேற்றிவிட்டுப் புறப்பட்டேன். கனகம்மாசத்திரம் வந்தபோது, வேண்டுமென்றே ஒருமுறை பிரேக்கைப் பிடித்துக் காதைத் தீட்டிக் கேட்டேன். சத்தமில்லை. இருந்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. நான் வீடு சேர்ந்தபோது அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.