எட்டுப் பேரும் ஒரு குதிரையும்

கண்காட்சிக்கு ஒரு சிலை செய்யணும், ஆனா கடையில காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது. ஓவிய ஆசிரியர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்.

"காசில்லாம எப்படி சார்?" என்று கேட்டோம். சண்டிகரில் இருந்த நேக் சந்த் பற்றிச் சொன்னார். சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். 1950-களின் கடைசியில் தொடங்கி, உடைந்த வளையல், பீங்கான், ஓடு என்று பொறுக்கி சைக்கிளில் கொண்டுபோய், அரசாங்க நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிலை சிலையாகச் செய்தாராம். அதிகாரிகள் கண்டுபிடித்த பிறகு இடித்துவிடாமல், 1976-இல் பூங்காவாகவே திறந்துவிட்டார்கள். அதுதான் ராக் கார்டன்.

அவர் தனி ஆளாக ஆரம்பித்தார். நாங்கள் எட்டுப் பேர்! ஒருத்தி மயில் என்றாள், ஒருத்தன் ராக்கெட் என்றான். ஒரு நாள் முழுக்கக் கத்தியபின் நம்மூர் ஐயனார் கோயில் குதிரை ஜெயித்தது.

ஓட்டைப் பிளாஸ்டிக் குடம் இரண்டு வயிறு ஆனது. மூங்கில் கால், கொட்டாங்குச்சிக் குளம்பு, தென்னம்பாளைக் காது, தேங்காய் நார்ப் பிடரி. வாலுக்கு நைலான் கயிற்றைப் பிரித்துவிட்டோம். கழுத்தில் உடைந்த வளையல் (நேக் சந்த் உபயம்). எல்லாவற்றையும் சேர்த்தது கட்டுக்கம்பி. எங்களில் ஒருவனுடைய அப்பா கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர், துண்டுக் கம்பி அவர் கொடுத்தது. இரண்டாக மடித்து, குறுக்கே போட்டு, கொக்கியால் முறுக்கணும். அளவுக்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும். அதை அவன்தான் சொல்லிக் கொடுத்தான். நாலு கால் இருந்தும் குதிரை ஆடியது. கால்களைக் கொஞ்சம் அகட்டி, குறுக்கே ஒரு குச்சி கட்டியதும் அசையாமல் நின்றது.

தலைதான் அமையவில்லை. 1942-இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் வைத்து மாட்டுத்தலை செய்தார் என்று சார் சொன்னதும், மறுநாள் ஒருவன் பழைய தோல் சீட்டு ஒன்றைக் கொண்டு வந்தான். குறுகிய முனையைக் கீழே வைத்துப் பார்த்தால் அசல் குதிரை முகம்!

உடம்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்தபோதுதான் சண்டை வந்தது. சீட்டுக்கு அடிக்கக் கூடாது என்றான் அவன். "உடம்பு வெள்ளை, முகம் மட்டும் பழுப்பா? பார்க்கிறவங்க சிரிப்பாங்கடா" என்றோம். அரை நாள் யாரும் யாரோடும் பேசவில்லை.

அப்புறம்தான் சொன்னான். அவன் தாத்தா பால் ஊற்றப் போன சைக்கிளாம் அது. தாத்தா இறந்தபிறகு சைக்கிளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். சீட்டை மட்டும் இவன் கழற்றி வைத்துக்கொண்டான். இடது பக்கம் தோல் கொஞ்சம் அமுங்கி இருந்ததைத் தொட்டுக் காட்டினான். தாத்தா அந்தப் பக்கம் சாய்ந்துதான் உட்காருவாராம்.

பிரஷ்ஷை வைத்திருந்தவள் அதைத் தண்ணீர் டப்பாவில் போட்டாள். துளை போடாமல், அடியில் இருந்த ஸ்பிரிங்கில் மட்டும் கம்பி கட்டித் தலையை நிறுத்தினோம். வெள்ளை அடித்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும், இப்பவும் நான் அப்படித்தான் சொல்வேன். ஆனா அது பொறுக்கிக்கொண்டு வந்த பொருள் இல்லையே.

கண்காட்சி முடிந்த அன்று மாலை அவன் கம்பியை அவிழ்த்து, சீட்டைச் சட்டையால் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனான். குதிரை இப்போது நூலகத்துக்குப் பின்னால் தலையில்லாமல் நிற்கிறது. யாரிடமாவது பழைய சைக்கிள் சீட்டு இருந்தால் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கொடுக்கவும். பெயின்ட் அடிக்கலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.