அந்த மண்ணுக்குரியது எது?

தில்லியில் குடியேறிய தமிழர் வீட்டில் முதலில் வேர்விடுவது கறிவேப்பிலைக் கன்றுதான். பணியின் பொருட்டு இங்கு வந்து 38 ஆண்டுகள் கழித்துவிட்ட நானும் அதற்கு விலக்கல்லன். மார்கழிக் குளிரில் அது கருகாதிருக்கச் சாக்குப் போர்த்திக் காத்திருக்கிறேன். அச்செடியின் பேரில் எனக்கிருந்த பெருமிதத்தைச் சிட்னி நகரில் ஒரு பெண்மணி கேட்ட சிறு கேள்வி அசைத்துவிட்டது.

மகனைக் காண நானும் என் மனைவியும் அங்குச் சென்றிருந்தோம். துறைமுகத்தை ஒட்டி 1816இல் தோன்றிய அரசத் தாவரவியல் பூங்கா ஒன்று உண்டு. பூர்வகுடி மக்களில் ஒருவரே வழிகாட்டியாக வந்து, தம் முன்னோர் உண்டதும் உடுத்ததும் மருந்தாய்க் கொண்டதுமான செடிகளைக் காட்டி விளக்குகிறார். எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். ஆசிரியருக்குரிய பொறுமையும் பாட்டிக்குரிய கண்டிப்பும் ஒருங்கே அமைந்தவர்.

“1788இல் வந்திறங்கிய ஆங்கிலேயர் தானியம் விதைத்த 9 ஏக்கர் இங்கேதான் இருந்தது. விளைச்சல் பொய்த்துவிட்டது” என்றார். மறு ஆண்டே பெரியம்மை பரவி, அவ்விடத்துக்குரிய காடிகல் மக்களில் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போயிற்றாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. குனிந்து ஒரு கீரையைக் கிள்ளி என் மனைவியின் கையில் வைத்தார்.

வரிகல் கீரை என்பது அதன் பெயர். தடித்த முக்கோண இலை. 1770இல் கேப்டன் குக் தம் மாலுமிகளுக்கு உண்ணக் கொடுத்த கீரை இதுவே. பச்சையாக உண்ணலாகாது, கொதிநீரில் இட்டு, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்றார். என் மனைவி உடனே, “எங்கள் கருணைக்கிழங்கும் இப்படித்தான் நாக்கை அரிக்கும், நாங்கள் புளி விட்டு வேகவைப்போம்” என்றாள். அவ்வளவுதான், இருவரும் என்னை மறந்தனர். லொமாண்ட்ரா என்னும் புல்லின் நீண்ட தாளைக் கிழித்து அவர் முடையத் தொடங்க, என் மனைவி தன் பாட்டி பனையோலைப் பெட்டி முடைந்த கதையை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பதாண்டு இல்லறத்தில் அக்கதை என் செவிக்கு எட்டியதில்லை!

இப்பூங்காவின் பூர்வகுடிக் கல்விப் பணியில் முன்னர் இருந்தவர் கிளாரன்ஸ் ஸ்லாக்கி. பண்ட்ஜலுங் இனத்தவர், பின்னாளில் தொலைக்காட்சித் தோட்டக்கலை நிகழ்ச்சியால் நாடறிந்தவரானார். அவர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து நிறுவிய ‘யெர்ரபிங்கின்’ அமைப்பு, பழைய ரயில் பட்டறைகள் இருந்த சவுத் எவ்லி பகுதியில், 2019இல் ஒரு மொட்டைமாடியில் நாட்டுச் செடிகளின் தோட்டத்தை எழுப்பியது. ‘சேர்ந்து நடக்கிறோம்’ என்பது அப்பெயரின் பொருளாம். அலுவலகத்தார் கோப்புகளை வைத்துவிட்டு மண்ணில் கை வைக்கும் இடம்.

விடைபெறும் வேளையில் அந்த அம்மையார் என்னைக் கேட்டார்: “நீங்கள் வாழும் ஊரில், அந்த மண்ணுக்கே உரியது என்ன முளைக்கும்?”

கறிவேப்பிலை என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அது நான் கொண்டுசென்றது. தில்லியின் கரட்டுமேட்டைப் பேருந்துச் சன்னல் வழியே ஆயிரம் முறை கடந்திருக்கிறேன். அங்கிருப்பவற்றுள் ஒரு மரத்தின் பெயரும் என் நாவில் வரவில்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் குடியிருப்பின் தோட்டக்காரரை அழைத்துக்கொண்டு அம்மேட்டுக்குப் போனேன். ராஜஸ்தானத்துக்காரர், பல்லாண்டுப் பழக்கமாயினும் நாங்கள் அதுவரை தண்ணீர், எரு என்னும் இரு சொற்களுக்கு மேல் பேசியதில்லை. எங்கும் மண்டிக் கிடந்த முள்மரத்தை அவர் இகழ்ச்சியோடு காட்டி, “விலாயதி கீக்கர், சாகேப், வெளியிலிருந்து வந்தது” என்றார். நம் சீமைக் கருவேலமேதான்! பிறகு வெளிறிய பட்டையுடைய ஒரு மரத்தடியில் நின்று அதைத் தட்டிக்கொடுத்தார். “இது ரோஞ்ச். இந்த மண்ணின் பிள்ளை.”

பட்டையைத் தடவிப் பார்த்தேன். கொப்பை வளைத்து முள்ளைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், இளம்பருவத்தில் நான் ஆடு மேய்ப்பவர்களோடு அமர்ந்த வெள்வேல மரம் அது. அதன் தமிழ்ப் பெயரை அவருக்குச் சொன்னேன். அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டாம் முறை ஓரளவு சரியாகவே வந்தது.