மூன்றாவது துளை

ஊரிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்படும் நம் மாணவர் பெட்டியில் பருப்புப்பொடி இருக்கும், ஊறுகாய் இருக்கும், இந்நாட்டுச் சுவரில் நுழையாத வட்டமுனைப் பிளக்கும் ஒன்றிரண்டு இருக்கும். அதை நுழைக்கும் வித்தையை வந்த முதல் இரவே மூத்த மாணவர் ஒருவர் சொல்லிக்கொடுத்துவிடுவார். சுவரிலுள்ள மூன்று துளைகளில் மேலே இருப்பதில் பேனாவை அழுத்தினால் கீழிரு துளைகளும் வாய் திறக்கும். உடனே இருமுனைப் பிளக்கைச் செருகிவிட வேண்டும். நம் விடுதியில் இவ்வித்தை அறியாதார் இலர். பௌதிகம் படிப்போரும் இதற்கு விலக்கல்லர் என்பதே வேடிக்கை!

அந்த மேல்துளையைப் பற்றித்தான் நண்பர்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன். 'எர்த்' என்று நாம் சொல்லும் நிலத்தொடர்புக்கு உரியது அது.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். மின்சாரத்தைப் பற்றிப் பெருமை பேச எங்கள் ஊருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடி, 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் எங்கள் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர் நகரத்துக்கே 1905இல்தான் மின்விளக்கு! ஆயினும் அம்மின்சாரம் வந்தது தங்கத்தை நாடி. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து அத்தங்கத்தைத் தோண்டியவர்களின் லைன் வீடுகளை அது எட்டுவதற்கு நெடுநாளாயிற்று. கல்யாணமாகி வந்த புதிதில் மண்ணெண்ணெய் விளக்கில்தான் குடித்தனம் நடத்தியதாகப் பாட்டி சொல்வாள்.

மின்சாரத்தோடு ஆங்கிலேயரின் வட்டமுனைப் பிளக்கும் நம் நாட்டுக்கு வந்தது. 1934இல் அவர்கள் அதற்கொரு தர அளவை வகுத்தார்கள். இன்று நம் வீடுகளில் உள்ள மும்முனைப் பிளக்குகள், பெரியதும் சிறியதும், அதன் வழித்தோன்றல்களே. தந்தவரோ அதைக் கைவிட்டார்! இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்பு கிடைப்பது அரிதாயிற்று. செம்பை மிச்சப்படுத்த, வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகக் கம்பி ஓட்டி, அதிலேயே எல்லாத் துளைப்பலகைகளையும் கோத்தார்கள். அதற்கேற்ற புதிய சதுரமுனைப் பிளக்கு 1947இல் பிறந்தது. பழைய வட்டமுனை இங்கு நாடக அரங்குகளின் விளக்குகளில் மட்டும் உயிர் பிழைத்திருக்கிறது. நம் பல்கலைக்கழக அரங்கின் மேடைக்குப் பின்னால் எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் பிளக்கை அப்படியே கண்டபோது, ஊர்க்காரர் ஒருவரைக் கண்டாற்போல் நின்றுவிட்டேன்.

புதிய பிளக்கில் அவர்கள் செய்த ஏற்பாடு நுட்பமானது. அந்த வளையம் இன்று 32 ஆம்பியர் வரை தாங்கும். ஒரு மேசை விளக்கின் மெல்லிய கம்பியோ அவ்வளவைத் தாங்காது. வளையத்தின் காவல் விழித்துக்கொள்ளுமுன் கம்பி தீப்பிடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு பிளக்கின் வயிற்றிலும் ஒரு சிறு பியூஸ் வைத்தார்கள். 3 ஆம்பியர் அல்லது 13 ஆம்பியர். எர்த் முனையை நீளமாக்கினார்கள். அது முதலில் உள்ளே சென்று மற்ற இரு துளைகளின் கதவைத் திறக்கும். நிலத்தொடர்பு கிடைத்த பின்னரே மின்தொடர்பு. (நம் பிளக்கிலும் எர்த் முனை நீளம்தான். அது தடித்திருப்பது மின்தடையைக் குறைக்க என்று பலர் சொல்வர். உண்மையில் அது தவறியும் மற்றத் துளையில் நுழையக் கூடாது என்பதற்காகவே.) நம் பேனா இவ்வளவையும் ஒரு நொடியில் ஏமாற்றிவிடுகிறது.

நாட்டுக்கு நாடு இவ்வேற்பாடு மாறும். ஜெர்மானியர் எர்த்துக்குத் துளை வைக்காமல் பிளக்கின் இருபக்கமும் தகடு வைத்தார்கள். ஜப்பானில் 100 வோல்ட். பெரும்பாலும் இரண்டே தட்டைமுனைகள். அமெரிக்காவில் 120. நமக்கும் இங்கிலாந்துக்கும் 230. ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்கும் உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் கருவி 30 மில்லி ஆம்பியருக்கே விழித்துக்கொள்ளுமாறு அமைந்திருப்பதை நினைத்தால், 230 என்பது என்னவென்று விளங்கும்.

எங்கள் லைனில் பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது துளை உண்டு. துளைக்குப் பின்னால் கம்பி கிடையாது. பிளக்கின் எர்த் முனை போய் வெறும் காற்றைத்தான் தொடுகிறது. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். "செருப்பு போட்டுக்கினு தொறடா" என்பாள் அம்மா. செருப்புப் போட்டால் ஏறாது. ஆகவே வீட்டில் குளிர்பெட்டிக்கென்றே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. அந்தச் சுர் மோட்டாரின் சுற்றுக்கம்பியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம். அதனால் மட்டும் உயிர் போகாது. ஆனால் கம்பியின் உறை ஒரு நாள் முழுதும் பழுதானால், அதே பெட்டி அதே அமைதியோடு 230 வோல்ட்டையும் தாங்கி நிற்கும். நான் பள்ளியில் படித்தபோது, மழைக்காலத்தில் ஒரு நாள் எங்கள் வரிசையில் ஓர் அக்கா மாவரைக்கும் கிரைண்டரைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டார். பிழைத்தார். இடக்கை விரல்கள் இரண்டு இன்றுவரை மடங்குவதில்லை.

சென்ற விடுமுறையில் எர்த் குழி போட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். "வீடு யார் பேர்லன்னே தெரியல. இதுக்குக் குழி வேறயா?" என்றார். அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரியில், நான் பிறக்குமுன்னரே மூடப்பட்டுவிட்டது. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்துவிட்டு இரவில் வந்து படுக்கும் ஊர் அது. பத்திரம் இல்லாத சுவருக்கு யார்தான் செலவழிப்பார்? நான் அந்த அக்காவின் விரல்களை நினைவூட்டினேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வயர்மேனை அழைத்து வந்தார்.

கொல்லையில் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். தங்கம் விளைந்த பூமியல்லவா, நான்கடியில் பாறை முட்டியது! பாறை நிலத்தில் எர்த்தின் தடை மிகும்; கசியும் மின்னோட்டம் பியூஸை எரிக்கப் போதாமற்போகலாம். அதனால் 30 மில்லி ஆம்பியர் காவல்கருவி ஒன்றையும் மாட்டச் சொன்னேன். வேலை முடிந்ததும் வயர்மேன் டெஸ்டரைக் குளிர்பெட்டியில் வைத்தார், விளக்கு எரியவில்லை. அம்மா மட்டும் இன்னமும் செருப்போடுதான் திறக்கிறாளாம்.

லைன் வீடுகள் முதுகோடு முதுகாக ஒட்டியவை. பின்வீட்டார் எங்கள் குழியிலிருந்தே தங்களுக்கும் ஒரு கம்பி இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் தனியே ஒரு காவல்கருவி மாட்டுவதானால் தாராளமாக இழுக்கலாம் என்று நேற்று அப்பாவுக்கு எழுதினேன்.