மருமகனுக்குப் பால் கொடுத்த கதை

தாய்மாமன் என்றால் காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சீர் கொண்டு போக வேண்டும். இருபத்து மூன்று வயது வரையில் என் கடமை இவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நான் பதினெட்டு நாள் ஆய்வுக்கூடத்துப் பக்கமே வரவில்லை. எங்கே போயிருந்தாய் என்று நம் சங்கத்து நண்பர்கள் பலர் கேட்டார்கள். அன்று ஏதோ சொல்லி மழுப்பினேன். இன்று சொல்கிறேன்.

என் தமக்கையைச் சித்தூரில் கொடுத்திருக்கிறோம். அத்தான் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்கிறார். மாம்பழக் காலத்தில் அவருக்கு இரவு, பகல் என்ற வேறுபாடு இல்லை. அந்த நெருக்கடியில்தான் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சற்று நேரத்தில் அதன் வாயில் நுரை தள்ளியது. துடைக்கத் துடைக்க வந்தது. அம்மா ஊரிலிருந்தே வெள்ளிச் சங்கை முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரும் கரைத்துவிட்டார். பணியில் இருந்த செவிலி, "ஒரு சொட்டுக்கூட வேண்டாம் அம்மா" என்று தடுத்தார். மெல்லிய குழாய் ஒன்றை வாய்வழியே விட்டுப் பார்த்தார். பத்துச் சென்டிமீட்டர் அளவில் அது நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வழி இல்லை.

சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேருமாம். உணவுக்குழாயின் மேற்பகுதி பை போல மூடியிருக்கும். கீழ்ப்பகுதி பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பால் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். அம்மாவின் சங்கு அன்று உயிரையே வாங்கியிருக்கும். அதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. ஒரு காலத்தில் இக்குழந்தைகள் பிழைப்பதே இல்லை. 1941-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் மிச்சிகனில் காமரான் ஹெய்ட் என்ற அறுவை மருத்துவர் இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார்.

அன்றிரவே திருப்பதிக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். கூட வந்த செவிலி குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, வாயில் ஊறும் எச்சிலை வழி நெடுக உறிஞ்சி எடுத்துக்கொண்டே வந்தார். நான் எதிரே அமர்ந்து ஏழுமலையானை வேண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரில் வேலை செய்தவர் யார் என்பதை நீங்களே சொல்லலாம்.

அறுவை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. வேலை அதன் பிறகே தொடங்கியது. நான்காம் நாள் சித்தூரிலிருந்து வந்த அக்கா, வயிற்றுத் தையலில் சீழ் வைத்துக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆகவே, தாய்மார்கள் மட்டுமே அமரும் இடத்தில் இரவு நேரத்துக்கு எனக்கு இடம் கொடுத்தார்கள்.

அங்கே இரவுப் பணியில் இருந்த செவிலி சித்தூர்ப் பக்கத்தவர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு போயிற்று. பேச்சு மட்டும் இன்னும் இரண்டாகவே இருக்கிறது. அவரும் பாதி தமிழ், பாதி தெலுங்கு. பயின்றது வேலூரில். ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிய இடம் அது. 1946-இல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

குழந்தையின் மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாய், தைத்த இடத்தைத் தாண்டி இரைப்பை வரை சென்றிருந்தது. மூக்கருகே மையால் ஒரு கோடு. சளி உறிஞ்சும் குழாயிலும் ஒரு கோடு உண்டு. அதற்கு மேல் உள்ளே விட்டால் தையலில் இடிக்கும். கழுத்தைப் பின்னே சாய விடக்கூடாது, தையல் இழுபடும். நெற்றி சுருங்குகிறதா, முட்டி இறுகுகிறதா என்று பார்த்து வலியை அறிய வேண்டும். பேசத் தெரியாத உயிரிடம் வேறு எப்படிக் கேட்பது?

ஆறாம் நாள் இரவு நான் கண்ணயர்ந்துவிட்டேன். கைக்குக் கட்டியிருந்த துணியுறை நழுவி, குழந்தை ஒட்டுப்பட்டையைப் பிய்த்துவிட்டது. கோடு மூக்கிலிருந்து இரண்டு விரற்கடை வெளியே இருந்தது. உள்ளே தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எண்ணினேன். ஆம், அப்படித்தான் எண்ணினேன். கை குழாயைத் தொட்டும்விட்டது. "தொடாதே தம்முடு!" என்று என் மணிக்கட்டை அவர் பற்றினார். பற்றிய கை நடுங்கியது. "இதை நாங்களே தள்ளமாட்டோம். முனை தையலில் குத்தினால் எல்லாம் திறந்துகொள்ளும்" என்றார். இருந்தபடியே ஒட்டி, பாலை நிறுத்தி, மருத்துவரை அழைத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல காலம், முனை இரைப்பையை விட்டு வரவில்லை. அன்று என்னை அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அவரே எனக்குப் பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் குழாயிலிருந்து சிறிது நீரை உறிஞ்சி பிஎச் தாளில் விடவேண்டும். ஐந்தரையோ அதற்குக் கீழோ காட்டினால் அமிலம்; குழாய் இரைப்பையில் இருக்கிறது. காற்றை ஊதி ஒலி கேட்டறியும் பழைய முறையை இப்போது நம்புவதில்லை. வேதியியல் மாணவனாகிய நான் அந்தத் தாளை எத்தனையோ முறை நனைத்து நிறம் பார்த்திருக்கிறேன். நிறம் மாறும் வரையில் மூச்சு நின்றது அன்றுதான்.

பிறகு ஊசியின் தண்டைக் கழற்றிவிட்டு, அக்கா பீய்ச்சிக் கொடுத்த பாலை அதில் ஊற்றி உயர்த்திப் பிடிக்க வேண்டும். பால் தன் எடையால் தானே இறங்க வேண்டும். தள்ளக்கூடாது. பத்து மில்லி இறங்கக் கால்மணி நேரம். எனக்குப் பொறுமை போய்க் கை உயரும், பால் விரையும். "நெம்மதிகா, நெம்மதிகா" என்பார். தெலுங்கில் மெல்ல என்று பொருள். எனக்கு அது 'நிம்மதி' என்றே காதில் விழும். வயிறு நிறையும்போது சப்பும் பழக்கமும் வரவேண்டும் என்று குழந்தையின் வாயில் தம் சுத்தமான விரலை வைப்பார்.

பத்தாம் நாள் சாயம் விட்டு எடுத்த படத்தில் கசிவு இல்லை. வாய்வழி முதல் பாலை அளந்து கொடுக்கப் பாலாடைதான் எடுத்தார்கள். அம்மா தம் வெள்ளிச் சங்கை நீட்டினார். செவிலி சிரித்துக்கொண்டே அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். ஐந்து மில்லி. விழுங்கினான். இன்னும் வேண்டும் என்று அழுதான்.

இப்போது அவனுக்கு ஒரு வயது. இட்லியைக் குழைத்துத்தான் ஊட்டுகிறோம். இருமினால் நாய் குரைப்பது போல ஒலிக்கும்; வளர வளரக் குறையும் என்கிறார் மருத்துவர். சித்தூருக்குப் போகும்போது அவனருகில்தான் நான் படுப்பேன். அவன் இருமினால் அக்காவுக்கு முன்னே எழுந்துவிடுகிறேன்.